அந்த விசித்திரக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது? ஆவணம் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

நான் தினமும் கடந்து போகும் தெருமுனையில் வட்டமாக ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. கதவு கிடையாது, சன்னல் கிடையாது. உச்சியில் மட்டும் ஒரு இரும்பு வலை. பக்கத்தில் விசாரித்தால் ஒருவர் காவல் கோபுரம் என்பார், இன்னொருவர் பழைய சிறை என்பார். உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அது பாதாளச் சாக்கடைக்குக் காற்று போக்கக் கட்டிய புகைபோக்கி.

அந்த எட்டு மாதத்தில் ஐந்து மாதம் வீணாகப் போனது. தவறான அலுவலகம், தவறான தெருப்பெயர், குறித்துக்கொள்ளாமல் விட்ட ஒரு கோப்பு எண், இவைதான் காரணம். வேலையைச் சரியான வரிசையில் செய்தால் மூன்று மாதத்தில் முடியும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு புதிர் நிற்கிறது, அதன் பூர்வகதையைத் தோண்ட ஆசைப்படுகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் நேரில் போய்ப் பாருங்கள் (அரை நாள்)

இணையத்தில் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். முகப்பைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும். அடைத்த சன்னல், நிறம் மாறிய செங்கல், சுவரில் இருந்து நீட்டிக்கொண்டு எங்கும் போகாத இரும்புக் கொக்கி, எதையும் விடாதீர்கள். இரும்பு மூடி, தூண், கம்பி வேலி இருந்தால் குனிந்து அடியில் பாருங்கள். வார்ப்பித்த பட்டறையின் பெயரும் சில நேரம் ஆண்டும் அதிலேயே இருக்கும். சரியான இருப்பிடத்தைப் போன் வரைபடத்தில் குறித்து வையுங்கள், தெருப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

கதவோ சன்னலோ இல்லாத கட்டடம் என்றால் முதல் சந்தேகம் பூமிக்கு அடியில் போக வேண்டும். சிட்னியின் ஹைட் பூங்காவில் 1857 இல் எழுப்பிய 22 மீட்டர் உயரத் தூண் எகிப்திய நினைவுத்தூண் போலவே இருக்கும். வேலையோ சாக்கடை வாயுவை மேலே அனுப்புவது. அன்றைய மேயர் ஜார்ஜ் தார்ன்டன் பெயரைச் சேர்த்து ஊர்க்காரர்கள் அதைத் 'தார்ன்டனின் வாசனைக் குப்பி' என்று கூப்பிட்டார்கள். லண்டன் லின்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 என்று எண் போட்ட இரண்டு வீடுகளுக்கு முகப்பு மட்டும்தான் உண்டு. நீராவி ரயில் ஓடிய காலத்துச் சுரங்கப்பாதையின் திறப்பை மறைக்க எழுப்பிய சுவர் அது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜோரலமன் தெரு 58 ஆம் எண் வீட்டில் ஒரு காலத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள். இன்று அது சுரங்க ரயிலுக்கான காற்றுவழி, அவசர வழி. என் கோபுரத்தையும் இந்தக் கண்ணோடு பார்த்திருந்தால் காவல்துறை ஆவணங்களில் இரண்டு மாதம் தொலைத்திருக்க மாட்டேன்.

வேலி ஏறிக் குதிக்காதீர்கள். தனியார் இடம் என்றால் உரிமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பத்திரம், வரைபடம் எல்லாம் பல நேரம் அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். அவரைப் பகைத்துக்கொண்டால் அந்த வழி அடைந்துபோகும்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

'இதன் வரலாறு என்ன' என்று காப்பகத்தில் போய்க் கேட்டால் யாராலும் உதவ முடியாது. யார் பணம் கொடுத்தார்கள்? எதற்காக? எத்தனை காலத்துக்கு? இந்த மூன்றையும் கேளுங்கள். பணம் கைமாறிய இடத்தில் கட்டாயம் காகிதம் உருவாகியிருக்கும்.

ஈஃபிள் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1889 கண்காட்சிக்காகக் கட்டினார்கள், ஒப்பந்தப்படி அனுமதி 20 ஆண்டுக்குத்தான். கம்பியில்லாத் தந்திக்கு அந்த உயரம் உதவும் என்று காட்டியதால்தான் 1910 இல் உரிமம் நீண்டது. ஹாலிவுட் மலை எழுத்துகள் 1923 இல் மனை விற்க வைத்த விளம்பரப் பலகை. அன்று 'ஹாலிவுட்லேண்ட்' என்று இருந்தது, ஒன்றரை ஆண்டு நின்றால் போதும் என்றுதான் வைத்தார்கள். கடைசி நான்கு எழுத்தை 1949 இல் எடுத்தார்கள், இன்று நிற்பது 1978 இல் புதிதாகச் செய்தது. வியன்னாவின் ராட்சத ராட்டினத்தை இடிக்க 1916 இல் அனுமதியே கொடுத்துவிட்டார்கள். இடிக்கப் பணம் இல்லாததால் அது தப்பியது.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூர் மெர்லயன் சிலையைப் பார்த்தால் ஏதோ பழங்காலப் புராணத்தில் இருந்து வந்தது போலத் தோன்றும். பணம் கொடுத்தது யார் என்று கேட்டால் பதில் சுற்றுலா வாரியம். 1964 இல் அந்த வாரியத்தின் சின்னமாக வரைந்தது, சிலை வந்தது 1972 இல். பாலம் கட்டியதில் சிலையின் முன்பக்கக் காட்சி மறைந்ததும் 2002 இல் 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

உங்கள் கட்டடத்துக்கும் இந்த மூன்று கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டியது (இரண்டு வாரம்)

பழைய வரைபடத்தில் தொடங்குங்கள். செய்தித்தாளுக்கு அப்புறம் வரலாம். உங்கள் இடத்தின் வரைபடங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், கட்டடம் இல்லாத கடைசி வரைபடமும் இருக்கிற முதல் வரைபடமும் கிடைத்துவிடும். இடைவெளி பத்தோ இருபதோ ஆண்டு. இனி அந்த ஆண்டுகளின் ஆவணங்களில் மட்டும் தேடினால் போதும். இந்த ஒரு மாலை வேலை எனக்குப் பல வாரத்தை மிச்சப்படுத்தியது. தொடக்கத்திலேயே செய்யவில்லையே என்று இன்றும் வருத்தம் உண்டு.

எந்த நாட்டிலும் தீக்காப்பீட்டு வரைபடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எந்தச் சுவர் எதனால் கட்டியது, உள்ளே என்ன தொழில் நடந்தது என்று காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்ததால் கட்டடம் கட்டடமாக வரைந்திருப்பார்கள். அமெரிக்காவின் சான்போர்ன் வரைபடங்களில் இளஞ்சிவப்பு செங்கல்லைக் குறிக்கும், மஞ்சள் மரத்தை, நீலம் கல்லை. காங்கிரஸ் நூலகத் தளத்தில் ஏராளமானவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பிரிட்டன் நகரங்களுக்கு கோட் கம்பெனியின் வரைபடங்கள் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் விரித்தே பார்க்கலாம்.

அப்புறம் செய்தித்தாள்கள். ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், பிரான்சுக்கு காலிகா, அமெரிக்காவுக்கு குரோனிக்ளிங் அமெரிக்கா, மூன்றும் இலவச இணையத் தொகுப்புகள். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டணத் தளம் எதுவானாலும் ஆண்டுச் சந்தா எடுக்காதீர்கள். தேட வேண்டிய சொற்களையும் ஆண்டுகளையும் முதலில் பட்டியல் போட்டு, ஒரு மாதச் சந்தா எடுத்து, ஒரே மூச்சில் தேடி, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

இந்தப் படியில் இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, பெயரும் எண்ணும் மாறியிருக்கும். சிகாகோவில் 1909 இல் நகரத்தின் வீட்டு எண்களைப் பெருமளவு மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆவணத்தில் இன்றைய எண்ணைத் தேடினால் வேறு யாருடைய வீடோ வரும். ஆட்சி மாறினால் தெருப்பெயர் மாறும். நான் சிக்கியதும் இதில்தான். இன்றைய தெருப்பெயரை வைத்து ஒரு மாதம் முழுக்கத் தேடி ஒன்றும் கிடைக்காமல், அப்படி ஒரு கோபுரம் ஆவணத்திலேயே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். பழைய தெருப்பெயரைப் போட்டதும் முதல் பக்கத்திலேயே நாற்பது செய்திகள் வந்தன. சில இடத்தில் நேர்மாறாக, பெயர் நிலைத்துவிடும், பொருள் போய்விடும். சென்னை ஐஸ் ஹவுஸ் அப்படித்தான். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் கட்டிய கிடங்கு அது. 1897 இல் விவேகானந்தர் தங்கினார், இப்போது விவேகானந்தர் இல்லம். ஆகவே உள்ளூர்க்காரர்கள் வாயில் தங்கிவிட்ட பழைய பெயர் எதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும். ஒரே சொல்லை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போடுங்கள். கட்டடத்தின் பெயரை விட்டுவிட்டு ஒப்பந்தக்காரர், டெண்டர், புகார், திறப்பு விழா என்றும் தேடிப் பாருங்கள். இடிக்கலாமா வேண்டாமா என்று சண்டை நடந்த கட்டடம் என்றால் உங்களுக்கு யோகம், காகிதம் நிறைய இருக்கும். பாரிஸின் ஆர்சே அருங்காட்சியகம் 1900 இல் திறந்த ரயில் நிலையம். நீளமான ரயில்களுக்கு மேடை போதாமல் 1939 வாக்கில் தொலைதூர வண்டிகள் நின்றன. இடித்து ஓட்டல் கட்டும் திட்டம் வந்தது, எதிர்ப்பும் வந்தது, 1986 இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இப்படிக் காப்பாற்றிய கட்டடங்களுக்குப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எழுதிய குறிப்பு ஒன்று இருக்கும். அதை முதலில் கேட்டு வாங்குங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

4. காப்பகத்துக்குக் கிளம்பும் முன்

அரசு ஆவணக் காப்பகம், நகராட்சி ஆவண அறை, குடிநீர் அல்லது ரயில் துறையின் சொந்த ஆவணப் பிரிவு என்று மூன்று கதவுகள் இருக்கும். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது யாரோ அவர்களுடைய ஆவணம் இன்று எங்கே இருக்கிறது என்று போனிலோ மின்னஞ்சலிலோ முதலில் உறுதி செய்யுங்கள். துறைகள் பிரிந்திருக்கும், சேர்ந்திருக்கும். கோப்புகள் வேறு கட்டடத்துக்குப் போயிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை:

- அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை, அசல்.
- முகவரிச் சான்று, அதுவும் சமீபத்தியது. அடையாள அட்டையில் முகவரி இருந்தாலும் தனியாகக் கேட்கும் இடங்கள் உண்டு. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு சான்றும் தேவை.
- பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு.
- எதைத் தேடுகிறீர்கள், எதற்கு என்று ஒரு பக்க விண்ணப்பக் கடிதம். எந்தக் கல்லூரியையும் சேராத ஆள் என்றால் 'தனி ஆய்வாளர்' என்றே எழுதுங்கள். அறிமுகக் கடிதம் கேட்கும் காப்பகம் என்றால் ஊர் நூலகரிடமோ பழைய ஆசிரியரிடமோ வாங்கிக்கொள்ளலாம்.
- இணைய அட்டவணையில் நீங்களே தேடி எடுத்த கோப்பு எண்கள். இது இல்லாமல் போகாதீர்கள்.

கோப்பை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பாதிக்கு மேல் வெளிக்கிடங்கில் இருக்கும், வரச் சில நாள் ஆகும். நான் முதல் முறை இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கோப்பு கிடங்கில் இருக்கிறது, வியாழக்கிழமைதான் வண்டி போகும் என்றார்கள். அடுத்த வாரம் போனால் அன்றைக்குக் கணக்கெடுப்புக்காக வாசக அறையை மூடியிருந்தார்கள். வேலை நாள், உணவு இடைவேளை, கடைசியாகக் கோப்பு கேட்கும் நேரம் மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஐந்து வரை திறந்திருந்தாலும் மூன்று மணிக்கு மேல் புதுக் கோப்பு எடுத்துத் தர மாட்டார்கள் என்பது பல இடத்தில் வழக்கம்.

ஆவணம் காப்பகத்துக்கு வராமல் துறையிலேயே தங்கியிருந்து, அவர்கள் காட்ட மறுத்தால், தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடுகளில் எழுத்தில் கேளுங்கள். பதில் தர வேண்டிய கெடு இந்தியாவில் 30 நாள், பிரிட்டனில் 20 வேலை நாள். 'எல்லா ஆவணமும்' என்று கேட்காதீர்கள். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இந்தக் கட்டடத்தின் வரைபடம், மதிப்பீடு, ஒப்புதல் உத்தரவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே மறுப்பார்கள்.

5. வாசக அறையில் ஒரு நாள்

பேனா கூடாது, பென்சில் மட்டும். பை வெளியே போகும். சில்லறையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள், குளிர்சாதன அறையில் ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கோப்பு வந்ததும் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் அட்டையை, கோப்பு எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கமும். போட்டோவுக்கு அனுமதி இல்லை என்றால் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோப்பு எண்ணை எழுதுங்கள். நான் ஒரு நல்ல வரைபடத்தைப் பார்த்து வரைந்துகொண்டு, எண் எழுதாமல் வந்துவிட்டேன். அதே வரைபடத்தை மறுபடி கண்டுபிடிக்க ஆறு வாரம் பிடித்தது.

வரைபடத்தோடு நிற்காமல் கடிதங்களையும் படியுங்கள். என் கோப்பில் வரைபடம் நான்காம் பக்கத்தில் இருந்தது. உண்மையான கதை இருபத்திரண்டாம் பக்கத்தில், பழுப்பேறிய ஒரு நீலத்தாளில். அந்தத் தெருவின் பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட புகார் மனு. நாற்றம் தாங்கவில்லை, மாலையில் மாடியில் உட்கார முடியவில்லை, குழாயை உயர்த்துங்கள் என்று கெஞ்சியிருந்தார்கள். ஓரத்தில் பொறியாளர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: உயரத்தைக் கூட்டலாம், ஆனால் பார்வைக்கு அசிங்கமாக இருக்கும், அலங்கார வளைவுகள் சேர்க்கவும். நூறு தடவை அண்ணாந்து பார்த்த செங்கல் வளைவுகள் எதற்கு என்று அந்த ஒரு வரியில்தான் எனக்குப் புரிந்தது. அன்று மாலை நேரே அங்கே போய் இருட்டும்வரை நின்றேன்.

கோப்பின் கடைசியில் செலவுக் கணக்கு இருக்கும். அதையும் எடுங்கள். யார் கணக்கில் பணம் போனது என்பது அடுத்த கோப்புக்கு வழி காட்டும்.

6. செலவு எங்கே போகும்

வாசகர் அட்டை பெரும்பாலும் இலவசம். பணம் போவது வேறு நான்கு வழியில்: பக்கத்துக்கு இவ்வளவு என்று ஜெராக்ஸ், நாளுக்கு இவ்வளவு என்று போட்டோ அனுமதி, பெரிய வரைபடத்தை ஸ்கேன் செய்ய ஒரு கட்டணம், அதை வெளியிட இன்னொரு கட்டணம். கடைசியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்கேன் வாங்கியதாலேயே வெளியிடும் உரிமை வந்துவிடாது. ரசீதில் 'சொந்த ஆய்வுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஆவணத்துக்குச் செலவானதைவிடப் போக்குவரத்துக்குத்தான் அதிகம் ஆனது. கோப்புகளைச் சேர்த்துக் கேட்டு, தொடர்ந்து இரண்டு நாள் போனால் அது பாதியாகும்.

7. கேட்ட கதையை எழுதும் முன் சோதியுங்கள்

ருசியான கதை கிடைத்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பழைய லண்டன் பாலத்தை 1968 இல் ராபர்ட் மெக்கல்லக் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 24,60,000 டாலருக்கு வாங்கி, அரிசோனாவின் லேக் ஹவாசு நகரில் நிறுத்தினார். 1971 இல் திறந்தார்கள். இது உண்மை. லண்டனின் இரட்டைக் கோபுரப் பாலமான டவர் பிரிட்ஜ் என்று நினைத்து ஏமாந்து வாங்கினார் என்ற கதையும் கூடவே சுற்றுகிறது. அதை வாங்கியவரும் மறுத்தார், விற்றவரும் மறுத்தார்.

கண்ணால் பார்ப்பதும் ஏமாற்றும். இத்தாலியின் வெரோனாவில், ஷேக்ஸ்பியர் நாடகத்து ஜூலியட்டின் மாடம் என்று கூட்டம் கூடிப் படம் எடுக்கும் மாடத்தை 20 ஆம் நூற்றாண்டில்தான் அந்த வீட்டில் பொருத்தினார்கள். பெர்லின் நகரம் பிரிந்திருந்த காலத்து எல்லைக் கடவையான செக்பாயிண்ட் சார்லியின் காவல் சாவடியை 1990 ஜூனிலேயே அகற்றிவிட்டார்கள், இன்று தெருவில் நிற்பது நகல். பிரஸ்ஸல்ஸின் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையும் நகல்தான், மூலம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே எதை எழுதினாலும் முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள்: நீங்கள் பார்க்கும் பொருளும் ஆவணம் பேசும் பொருளும் ஒன்றுதானா?

நான் வைத்திருக்கும் விதி இது. நிகழ்வு நடந்த காலத்து ஆவணம் ஒன்றாவது இல்லாவிட்டால் 'என்று சொல்கிறார்கள்' என்று சேர்த்தே எழுதுவேன். வாசலில் இருக்கும் கல்வெட்டுப் பலகை சாட்சி ஆகாது. அதை வைத்த ஆண்டைப் பாருங்கள், பெரும்பாலும் கட்டடத்தைவிட மிகவும் இளையது.

8. படம் போடும் முன்

ஈஃபிள் கோபுரத்தின் பகல் படத்தை யாரும் வெளியிடலாம். இரவு விளக்கு அலங்காரத்துக்கு உரிமை உண்டு, வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். 1958 கண்காட்சிக்காகக் கட்டி, முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று நினைத்த பிரஸ்ஸல்ஸ் அட்டோமியத்தின் படங்களுக்கும் நெடுங்காலம் உரிமைச் சிக்கல் இருந்தது. பொது இடத்துச் சிலை, கட்டடப் படங்களுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டு விதியை ஒரு முறை படித்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

9. கண்டுபிடித்ததைப் பலகைக்குக் கொண்டுபோக

என் கோபுரத்தின் அருகே நகராட்சி வைத்த பலகையில் 'காவல் கோபுரம்' என்று இருந்தது. மாற்றச் சொல்லி எழுதினேன். நீங்களும் எழுதினால் இப்படி எழுதுங்கள்: ஒரு பக்கக் கடிதம், அதில் இப்போதைய வாசகம், அதன் கீழே நீங்கள் பரிந்துரைக்கும் வாசகம், இணைப்பாக ஆவண நகல் மூன்றுக்கு மேல் வேண்டாம். வரைபடம், ஒப்புதல் உத்தரவு, செலவுக் கணக்கு போதும். நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள்.

எனக்குப் பதில் வர ஏழு வாரம் ஆனது. மூன்று வரிக் கடிதம். அதில் அவர்கள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: கோப்பு எண்.